கடித்த பாம்பைத் தேடாதீர்கள்

மாவட்டச் செய்திப் பக்கத்தில் வருடத்துக்குச் சில முறையாவது அந்தச் செய்தி வந்துவிடுகிறது. பாம்பு கடித்த ஒருவர், அதை அடித்துக் கொன்று பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு அரசு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குள் நுழைகிறார். சில நேரம் பாம்பு தண்ணீர் பாட்டிலுக்குள் உயிரோடு நெளிந்துகொண்டிருக்கும். "மருத்துவமனையில் பரபரப்பு" என்று தலைப்புப் போடுகிறார்கள். படிப்பவர்கள் அவருடைய துணிச்சலை மெச்சுகிறார்கள், புத்திசாலித்தனம் என்றும் சொல்கிறார்கள். எனக்கு அந்தப் படத்தில் வேறொன்றுதான் தெரிகிறது. கடிபட்ட நிமிடத்துக்கும் அந்தப் படம் எடுத்த நிமிடத்துக்கும் நடுவே அவர் கம்பு தேடியிருக்கிறார், புதருக்குள் துழாவியிருக்கிறார், அடித்திருக்கிறார், பை கேட்டு வீட்டுக்கு ஓடியிருக்கிறார். அத்தனையும் கடிபட்ட காலோடு.

காட்டுமன்னார்கோயில் பக்கத்து நெல் வயலாக இருந்தாலும், பண்ருட்டி முந்திரித் தோப்பாக இருந்தாலும், பாகூர் ஏரிக்கரையாக இருந்தாலும், கடி என்றதும் சுற்றி நிற்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி "என்ன பாம்பு?" என்பதுதான். ஆஸ்பத்திரி வாசலிலும் அதையே கேட்கிறார்கள். அந்தக் கேள்வியை முதல் இடத்திலிருந்து இறக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அதைத் துரத்திக்கொண்டு போவதால் உயிர்கள் போகின்றன. "எத்தனை மணிக்குக் கடித்தது?" என்பதுதான் முதலில் கேட்க வேண்டியது. அதற்கான பதில் கைவசம் இருக்கிறது, அதைத் தேடிப் புதருக்குள் போக வேண்டியதும் இல்லை.

இந்தப் பழக்கத்தை மூடத்தனம் என்று தள்ளிவிட மாட்டேன். அதற்குள் ஒரு நியாயமான கணக்கு இருக்கிறது. ஒவ்வொரு விஷத்துக்கும் ஒவ்வொரு மாற்று மருந்து இருக்கும், எந்த விஷம் என்று தெரியாமல் மருத்துவர் எதைக் கொடுப்பார் என்று கேட்கிறார்கள். ஊர் வைத்தியத்தில் பாம்பைப் பொறுத்துத்தான் பச்சிலை மாறியது. அந்த வழக்கத்தில் வளர்ந்தவர்கள் ஆஸ்பத்திரிக்கும் அதையே பொருத்திப் பார்க்கிறார்கள். ஆனால் இங்குள்ள மருந்து அப்படிச் செய்யப்பட்டதில்லை.

குப்பிக்குள் இருப்பது

நம் மருத்துவமனைகளில் இருக்கும் பாம்பு விஷமுறிவு மருந்து ஒன்றே ஒன்றுதான். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தையும் சிறு அளவுகளில் குதிரைக்குச் செலுத்தி, அதன் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புப் புரதங்களைப் பிரித்து எடுக்கிறார்கள். நான்குக்குமான எதிர்ப்பும் ஒரே குப்பியில் இருக்கிறது. கடலூர், புதுச்சேரிச் சமவெளியில் நிலத்தில் உயிரைப் பறிக்கக்கூடிய பாம்புகளும் இந்த நான்குதான். கண்ணாடி விரியன் என்று நீங்கள் நிரூபித்தாலும் கட்டுவிரியன் என்று நிரூபித்தாலும் செவிலியர் அதே பெட்டியைத்தான் திறக்கப் போகிறார்.

மருந்துக்கு வேண்டிய விஷத்தில் பெரும்பகுதி நமக்குப் பக்கத்திலிருந்தே போகிறது. மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கிவரும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம்தான் பாம்புகளைப் பிடித்து, விஷம் எடுத்து, திரும்பக் காட்டில் விடுகிறது. நாட்டின் வேறு மூலைகளில் உள்ள பாம்புகளின் விஷம் இதிலிருந்து மாறுபடுவதால் அங்கே இந்த மருந்து சற்றுத் தடுமாறுகிறது என்ற விவாதம் உண்டு. வட தமிழகத்துப் பாம்பின் விஷத்திலிருந்து செய்த மருந்து வட தமிழகத்துக்காரருக்குக் கிடைக்கிறது என்பது நமக்கு வாய்த்த சாதகம். அதை நேரத்தோடு பயன்படுத்திக்கொள்ளாமல் போவதுதான் வருத்தமாக இருக்கிறது.

அளவுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் குடும்பத்தினர் இதில் அடிக்கடி பதறுகிறார்கள். ஒரு குப்பி 10 மில்லி. 1 மில்லி மருந்து கண்ணாடி விரியன் விஷத்தில் 0.6 மில்லிகிராமை முறிக்கும். ஒரு கண்ணாடி விரியன் கடியில் செலுத்தும் விஷம் சராசரியாக 60 மில்லிகிராமை ஒட்டி இருக்கும் என்பது கணக்கு. முதல் தவணை 8 முதல் 10 குப்பி என்பது இதிலிருந்து வந்தது. ஐந்து வயதுக் குழந்தைக்கும் இதே அளவுதான். "குழந்தைக்குப் போய் இவ்வளவா?" என்று தடுக்காதீர்கள். பாம்பு குழந்தையைப் பார்த்து விஷத்தைக் குறைத்துக்கொள்வதில்லை. மருந்து பெரும்பாலும் தூளாக வரும். காய்ச்சி வடித்த நீர் விட்டு, குப்பியை மெதுவாகச் சுழற்றிக் கரைக்க வேண்டும். குலுக்கினால் நுரைத்துப் புரதம் கெட்டுப்போகும். பத்துக் குப்பியையும் கரைக்க நேரம் பிடிக்கும். அதற்குள் "பாட்டிலை உருட்டிக்கிட்டு இருக்காங்க, ஊசி போட மாட்டேங்குறாங்க" என்று செவிலியரிடம் சண்டைக்குப் போவதைத் தவிர்க்கலாம்.

கண்ணாடிக் குழாயும் இருபது நிமிடமும்

பாம்பு தெரியாமல் மருந்து போட வேண்டுமா வேண்டாமா என்று மருத்துவர் எப்படி முடிவு செய்கிறார்? இதற்கான விடையைத் தெரிந்துகொண்டவர் யாரும் அதன்பின் பாம்பைத் தேடிப் போக மாட்டார் என்று நம்புகிறேன். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கடிபட்டவரின் ரத்தக் குழாயிலிருந்து 2 மில்லி ரத்தம் எடுத்து, சுத்தமான, உலர்ந்த, புதிய கண்ணாடிச் சோதனைக் குழாயில் விடுவார்கள். அசைக்காமல் 20 நிமிடம் வைப்பார்கள். பிறகு ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்ப்பார்கள். ரத்தம் உறைந்து கட்டியாக நின்றால் உறையும் திறன் இருக்கிறது. தண்ணீர் போல ஓடினால் விரியனின் விஷம் உறைதல் சத்துக்களைத் தின்று தீர்த்துவிட்டது என்று பொருள், மருந்து உடனே தேவை. அவ்வளவுதான் சோதனை. கரண்ட் தேவையில்லை, இயந்திரம் தேவையில்லை, எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் செய்யலாம். இதில் பிழை வருவது மூன்று இடங்களில். பிளாஸ்டிக் குழாயில் விட்டால் நல்ல ரத்தமும் சரியாக உறையாது. சோப்புத் தூள் போட்டுக் கழுவிய பழைய குழாயும் அப்படித்தான், ஒட்டியிருக்கும் சோப்பு உறைதலைத் தடுத்துவிடும். மூன்றாவது அவசரம்: பத்தாவது நிமிடத்திலேயே குழாயைத் தூக்கிச் சாய்த்துப் பார்த்துவிட்டு வைத்தால் அந்தச் சோதனை கெட்டது.

முதல் சோதனையில் ரத்தம் உறைந்துவிட்டால் வீட்டுக்குப் போய்விடலாம் என்று பலர் கிளம்புகிறார்கள். விஷம் மெதுவாக ஏறும் கடிகள் உண்டு. அதனால்தான் முதல் மூன்று மணி நேரம் அரை மணிக்கு ஒரு முறையும், பிறகு மணிக்கு ஒரு முறையும் திரும்பச் செய்யச் சொல்கிறது சிகிச்சை நெறிமுறை. எந்த அறிகுறியும் இல்லாவிட்டாலும் 24 மணி நேரம் கண்காணிப்பில் இருக்க வேண்டும். மருந்து ஏற்றிய பிறகு அடுத்த சோதனை ஆறு மணி நேரம் கழித்து. விஷம் முறிந்தாலும் கல்லீரல் புதிதாக உறைதல் சத்துக்களைச் செய்து தர அவ்வளவு நேரம் ஆகும். இடையில் "மருந்து போட்டும் ரத்தம் உறையலையே" என்று பயந்து நோயாளியை வேறு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுபவர்கள், அந்த ஆறு மணி நேரத்தில் கிடைக்க வேண்டிய கண்காணிப்பைத் தொலைக்கிறார்கள்.

நரம்பைத் தாக்கும் விஷத்துக்குக் குழாய் தேவையில்லை, முகமே காட்டிக்கொடுக்கும். நல்ல பாம்பும் கட்டுவிரியனும் தீண்டினால் முதலில் கண் இமைகள் தாமாகச் சரியும். அண்ணாந்து பார்க்கச் சொன்னால் இமை மேலே போகாது. ஒன்று இரண்டாகத் தெரியும், எச்சில் விழுங்க முடியாது, குரல் மூக்கால் வரும், தலையைத் தூக்கினால் கழுத்து நிற்காது. நம் பக்கத்துக் கண்ணாடி விரியனும் சிலருக்கு இமையைச் சரியவைக்கும். ஆக, மருத்துவர் படிப்பது உங்கள் உடம்பை. பிளாஸ்டிக் பையில் இருக்கும் பாம்பு அவருக்கு ஒரு துணைத் தகவல் மட்டும்.

அந்தத் தகவலும் பல நேரம் தவறாக இருக்கிறது. இருட்டில், பதற்றத்தில், கண்ணில் பட்ட வேறொரு பாம்பை அடித்துக் கொண்டுவந்தவர்கள் உண்டு. விஷமில்லாத மண்ணுளியைக் கண்ணாடி விரியன் குட்டி என்கிறார்கள். ஓட்டு வீட்டில் பல்லி தேடி வரும் வரிப்பாம்பைக் கட்டுவிரியன் என்கிறார்கள். அது பரவாயில்லை, வீண் பயம் மட்டும்தான். கட்டுவிரியனை வரிப்பாம்பு என்று நினைத்துப் படுக்கப் போய்விடுவதுதான் ஆபத்து. செத்த பாம்பைக் கையில் எடுப்பதிலும் ஆபத்து இருக்கிறது. தலை துண்டான பிறகும் கொஞ்ச நேரம் வாய் அனிச்சையாகக் கடிக்கும், பல்லில் விஷமும் இருக்கும். தூரத்தில் நிற்கும் யாராவது இருந்த இடத்திலிருந்தே ஒரு செல்போன் படம் எடுக்க முடிந்தால் எடுக்கட்டும். அதற்குமேல் ஒரு அடிகூட நகர வேண்டாம்.

வரப்பிலேயே செய்ய வேண்டியது

கடித்ததும் பாம்பை விட்டு இரண்டு மூன்று மீட்டர் விலகி உட்கார்ந்துவிட வேண்டும். அதன்பிறகு கடிபட்டவர் நடக்கக் கூடாது. தசை அசைய அசைய விஷம் வேகமாக மேலே போகும். "சும்மா ரோடு வரைக்கும்தானே" என்று அரைக் கிலோமீட்டர் நடக்கவைப்பதுதான் நம் ஊர்களில் அதிகம் நடக்கும் தவறு. கயிற்றுக் கட்டில், நாற்காலி, இரண்டு கம்பில் கட்டிய சாக்கு, எதிலாவது தூக்குங்கள். கொலுசு, மெட்டி, மோதிரம், வளையல், வாட்ச் எல்லாவற்றையும் அப்போதே கழற்றுங்கள். அரை மணி நேரத்தில் வீக்கம் ஏறினால் மெட்டியை வெட்டித்தான் எடுக்க வேண்டும், விரலுக்கு ரத்தம் போவதும் நின்றுவிடும். கால் எலும்பு முறிந்தால் எப்படிக் கட்டுவோமோ அப்படி, நேரான கம்பையோ மட்டையையோ வைத்துத் துண்டால் தளர்வாகக் கட்டுங்கள். ஒரு விரல் உள்ளே நுழைய வேண்டும். கால் ஆடாமல் இருப்பதற்காகத்தான் இந்தக் கட்டு. ரத்த ஓட்டத்தை நிறுத்துவது இதன் வேலை இல்லை.

இறுக்கிக் கட்டும் கயிறுதான் நம் பக்கம் இன்னும் போகாத வழக்கம். விரியன் விஷம் சதையை அழிக்கும். அதைக் கயிறு போட்டு ஒரே இடத்தில் தேக்கினால் அந்த இடம் அழுகி, விரலோ காலோ போய்விடும். யாரோ ஏற்கெனவே இறுக்கிக் கட்டிவிட்டார்கள் என்றால் பாதி வழியில் சட்டென்று அவிழ்த்துவிடாதீர்கள், தேங்கியது மொத்தமாக உள்ளே பாயும். மருத்துவர் முன்னால், எல்லாம் தயாரான பிறகு அவிழ்க்கட்டும். கீறுவது, உறிஞ்சுவது, ஐஸ் வைப்பது, பாம்புக்கல் ஒட்டுவது, மிளகாய் கடிக்கக் கொடுப்பது, சாராயம் கொடுப்பது எதுவும் வேண்டாம். ரத்தம் உறையாத நிலையில் இருப்பவரைக் கீறினால் அந்தக் கீறலே நிற்காமல் ஒழுகும். வலிக்கு ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் கூடாது, அவையும் ரத்தக் கசிவைக் கூட்டும்.

மந்திரிப்பவரிடம் போய்ப் பிழைத்தவர்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள், அவர்கள் சொல்வது பொய்யில்லை. கடிக்கும் பாம்புகளில் பெரும்பாலானவை விஷமில்லாதவை. விஷப் பாம்பும் பல நேரம் விஷம் செலுத்தாமல் கடித்துவிட்டுப் போகும். அவர்கள் எங்கே போயிருந்தாலும் பிழைத்திருப்பார்கள். விஷம் ஏறியவர் அங்கே இழக்கும் இரண்டு மணி நேரத்தைத்தான் யாரும் கணக்கில் வைப்பதில்லை.

108-ஐ அழையுங்கள். வண்டி வரத் தாமதமாகும் என்று தெரிந்தால் காத்திருக்காமல் மோட்டார் சைக்கிளில் கிளம்புங்கள்: ஓட்டுபவர் முன்னால், கடிபட்டவர் நடுவில், பிடித்துக்கொள்ள ஒருவர் பின்னால். நடுவில் இருப்பவருக்கு மயக்கம் வரலாம், இருவராகப் போகாதீர்கள். வாந்தி வந்தால் இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்கவையுங்கள். கிளம்பும்போதே ஒருவர் மருத்துவமனைக்குப் போன் செய்து இரண்டைக் கேட்கட்டும்: விஷமுறிவு மருந்து இருக்கிறதா, செயற்கை சுவாசக் கருவி இருக்கிறதா. சிதம்பரம் பக்கத்துக்காரர்களுக்கு அண்ணாமலை நகர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, நடுவில் இருப்பவர்களுக்குக் கடலூர் அரசு தலைமை மருத்துவமனை, வடக்கே இருப்பவர்களுக்குப் புதுச்சேரி ஜிப்மர் என்று பெரிய இடங்கள் எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. ஆனால் வழியில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து இருந்தால் முதல் தவணையை அங்கேயே ஆரம்பிப்பதுதான் சரி. மருந்துக்கு ஒவ்வாமை வருமோ என்று பயந்து ஊசி போடாமலே மேலே அனுப்பிவிடும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. ஒவ்வாமை வரும்தான். ஆனால் அதற்குத் தொடையில் போடும் அட்ரினலின் ஊசி ஒவ்வொரு சுகாதார நிலையத்திலும் இருக்க வேண்டிய மருந்து, பெரியவருக்கு 0.5 மில்லிகிராம். ஒவ்வாமைக்கு வைத்தியம் அங்கேயே செய்ய முடியும். ஏறிப்போன விஷம் செய்த சேதத்தைப் பிறகு திருப்ப முடியாது.

போகும் வழியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம், இரண்டு வேலை செய்யலாம். பால்பாயின்ட் பேனாவால் வீக்கத்தின் மேல் விளிம்பில் ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் மணியை எழுதுங்கள். கால் மணி கழித்து அடுத்த கோடு. வீக்கம் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதை மருத்துவர் ஒரு பார்வையில் படித்துவிடுவார். இரண்டாவது, கபடி பாடுவது போல ஒரே மூச்சில் சத்தமாக எண்ணச் சொல்லுங்கள். முதலில் முப்பது வரை எண்ணியவர் பத்து நிமிடம் கழித்து இருபதில் நிற்கிறார், பிறகு பன்னிரண்டில் நிற்கிறார் என்றால் மூச்சுத் தசை தளர்கிறது. அந்த மூன்று எண்களையும் நேரத்தோடு போய்ச் சொல்லுங்கள். சிறுநீர் கழித்தால் நிறத்தைக் கவனியுங்கள். சிவப்போ கறுப்போ கலந்திருந்தால் அதையும் சொல்லுங்கள், கண்ணாடி விரியன் சிறுநீரகத்தைப் பிடிக்கும்.

பாம்பே கண்ணில் படாத கடி

பாம்பைக் கொண்டுவரும் வழக்கத்தின் போதாமை முழுதாகத் தெரிவது கட்டுவிரியன் விஷயத்தில்தான். அது இரவில் மட்டுமே நடமாடும். தரையில் பாய் போட்டுப் படுத்திருப்பவரின் மேல் ஏறும்போது அவர் புரண்டால் கடிக்கும். எறும்பு கடித்தது போலக்கூட இருக்காது. வீக்கம் இல்லை, பல் பதிந்த தடமும் பல நேரம் தெரியாது. விடியற்காலை மூன்று நான்கு மணிக்கு வயிற்று வலியோடு எழுவார், வாந்தி எடுப்பார். ராத்திரி சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று சோடா வாங்கிக் கொடுப்பார்கள். வெளிச்சம் வந்து பார்த்தால் கண் சொக்கியிருக்கும், தூக்கக் கலக்கம் என்று விட்டுவிடுவார்கள். தரையில் படுத்தவர் விடிகாலையில் காரணமில்லாத வயிற்று வலியோடு எழுந்து, இமையும் சரிந்தால், பாம்பைப் பார்க்காவிட்டாலும் அது பாம்புக்கடிதான் என்று வைத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். மருத்துவரிடம் "தரையில் படுத்திருந்தார்" என்ற வார்த்தையைச் சொல்ல மறக்காதீர்கள்.

கட்டுவிரியன் கடியில் இன்னொரு கொடுமையும் உண்டு. விஷம் முற்றிய நிலையில் கை கால் அசையாது, இமை திறக்காது, கண்மணி வெளிச்சத்துக்குச் சுருங்காது. பார்ப்பவர்கள் எல்லாம் முடிந்துவிட்டது என்று அழ ஆரம்பிப்பார்கள். அந்த அழுகை அவருக்குக் கேட்டுக்கொண்டிருக்கலாம். மூச்சுத் தசை மட்டும்தான் நின்றிருக்கும், மூளை விழித்திருக்கும். வாயோடு வாய் வைத்தோ, மூச்சுக் கொடுக்கும் பையை அமுக்கியோ யாராவது மூச்சைக் கொடுத்துக்கொண்டே கொண்டுபோனால், சுவாசக் கருவியில் சில நாட்கள் இருந்து முழுதாக எழுந்து நடந்தவர்கள் உண்டு. நரம்பு முனைகள் தாமாகத் தழைக்கும்வரை மூச்சை நடத்திக்கொடுப்பதுதான் அங்கே பெரிய வைத்தியம்.

கடலில் மட்டும் கணக்கு வேறு

தேவனாம்பட்டினத்திலும் கடலூர் முதுநகரிலும் வீராம்பட்டினத்திலும் வலை உதறுபவர்களுக்கு இதுவரை சொன்னதில் ஒரு திருத்தம் உண்டு. மீனோடு சிக்கி வரும் கடல் பாம்பு கொடிய விஷமுள்ளது. நம் மருந்துக் குப்பியில் அதற்கான எதிர்ப்பு இல்லை. கடி லேசாக முள் குத்தியது போல இருக்கும். அரை மணியிலிருந்து சில மணி நேரத்துக்குள் உடம்பெல்லாம் தசை வலிக்கும், தாடை இறுகும், சிறுநீர் கறுக்கும். இவருக்கு வேண்டியது சுவாசக் கருவியும் டயாலிசிஸ் வசதியும் இருக்கும் பெரிய மருத்துவமனை, அதுவும் உடனே. "கடலில், வலையில் கடித்தது" என்று சொன்னாலே மருத்துவருக்குப் போதும், பாம்பு வேண்டியதில்லை. துடுப்பு போலத் தட்டையான வால் இருந்தால் அது கடல் பாம்பு. வெறும் கையால் பிடித்து வீசும் பழக்கத்தை விட்டுவிட்டு, நீளக் கம்பியாலோ குச்சியாலோ தள்ளிவிடுங்கள். படகில் செத்துக் கிடந்தாலும் கை வைக்க வேண்டாம்.

பாம்பை அறிய வேண்டிய நேரம்

இவ்வளவு சொன்னதால் பாம்பைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டாம் என்று அர்த்தமில்லை. தெரிந்துகொள்ள வேண்டும், கடிப்பதற்கு முன்னால். எந்தப் பாம்பு எந்த மண்ணில், எந்த வேலையின்போது, எத்தனை மணிக்கு வரும் என்று தெரிந்தவருக்கு அந்த அறிவு காலையும் கையையும் காக்கும். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியில் இறந்தார்கள் என்பது ஆய்வு மதிப்பீடு. அவர்களில் மிகப் பெரும்பாலோர் கிராமத்துக்காரர்கள். 2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. எந்த ஊரில், எந்த மாதத்தில் கடி கூடுகிறது என்ற கணக்கு இனிமேலாவது சேரும். அதுவரை வேலையை வைத்தே நாம் கணிக்கலாம்.

கண்ணாடி விரியன் எலியைத் தேடி வரப்புக்கு வரும். தடித்த உடம்பு, ஓடாது, காலடி அருகே வரும்வரை அசையாமல் கிடந்து பலமாகச் சீறும். தை மாத அறுவடையில், அறுவடை இயந்திரம் ஒரு பக்கத்திலிருந்து வர வர எலியும் பாம்பும் நிற்கும் கதிருக்குள் ஒதுங்கும். கடைசித் துண்டில் கை வைப்பவருக்குத்தான் ஆபத்து அதிகம். அந்த மூலையை முதலில் நீளக் கம்பால் தட்டிவிட்டு, அது போக ஒரு பக்கம் வழிவிட்டு, கொஞ்ச நேரம் காத்திருங்கள். இரவு வயலில் கிடந்த வைக்கோல் கட்டைக் காலால் புரட்டிவிட்டுத் தூக்குங்கள், அடியில் விரலை நுழைக்காதீர்கள்.

பண்ருட்டி, விருத்தாசலம் செம்மண்ணில் சுருட்டை விரியன். ஒரு முழத்துக்குச் சற்று மேல் நீளம், காய்ந்த முந்திரி இலையின் நிறம். மாசி, பங்குனி, சித்திரையில் கொட்டை பொறுக்கும் பெண்களின் விரல் அளவு தூரத்தில் சருகுக்குள் கிடக்கும். பருவத்துக்கு முன் மரத்தடியைச் சுத்தமாகக் கூட்டிவைக்கும் தோப்புகளில் கொட்டை தனியாகத் தெரியும், சருகைக் கையால் விலக்க வேண்டி வராது. கூட்டாத தோப்பில் குச்சியால் சருகைக் கிளறிய பிறகே கை போக வேண்டும். செதிலைத் தேய்த்து எழுப்பும் அதன் சரசர ஒலி நல்ல எச்சரிக்கை. கடற்கரைச் சவுக்குத் தோப்பில் மிளாறு பொறுக்குபவர்கள், கட்டைத் தலையில் தூக்கும் முன் தரையில் இரண்டு முறை போட்டுத் தட்ட வேண்டும்.

இரவு மோட்டார் போடப் போகிறவர்களைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. மும்முனை மின்சாரம் ராத்திரியில் வரும் முறை என்றால் பத்து மணிக்கோ இரண்டு மணிக்கோ வெறுங்காலோடு வரப்பில் போகிறார்கள், கையில் செல்போன் வெளிச்சம். அது முகத்துக்கு நேராக அடிக்கிறதே தவிர அடுத்த அடி விழும் இடத்தைக் காட்டுவதில்லை. தலையில் மாட்டும் விளக்கு வாங்கிக்கொள்ளுங்கள், கை இரண்டும் ஓய்வாக இருக்கும், வெளிச்சம் பார்வை போகும் இடத்துக்குப் போகும். முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ் சேற்று வயலுக்குள் ஒத்துவராது, சேறு கவ்விக்கொள்ளும், அது உண்மை. ஆனால் மோட்டார் கொட்டகைக்குப் போகும் வழி வரப்பும் தடமும்தான், அங்கே போட்டுக்கொள்ள எந்தத் தடையும் இல்லை. கடிகள் பெரும்பாலும் கணுக்காலிலும் பாதத்திலும் விழுவதால் அந்த ஒரு ஜோடி பூட்ஸ் பெரிய காரியம் செய்யும். கம்பால் முன்னால் தட்டிக்கொண்டே போங்கள், நில அதிர்வை உணர்ந்து பாம்பு விலக நேரம் கிடைக்கும். கொட்டகைக்குள் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறக்கும் முன் மேலும் கீழும் விளக்கடித்துப் பாருங்கள், குளிருக்கு அந்தச் சூட்டில் வந்து சுருண்டிருக்கும்.

கரும்பு வெட்ட வந்து வயலோரக் குடிசையில் தங்கும் குடும்பங்களுக்குக் கட்டில் கிடைக்காது. தரையில்தான் படுக்க வேண்டும் என்றால் கொசுவலையின் நான்கு ஓரத்தையும் பாயின் அடியில் செருகிப் படுக்கட்டும். நன்றாகச் செருகிய வலைக்குள் கட்டுவிரியன் ஏற முடியாது. குழந்தையைச் சுவர் ஓரமாகப் படுக்கவைக்கும் பழக்கத்தை மாற்றி நடுவில் படுக்கவையுங்கள், எலியும் அதைத் தேடும் பாம்பும் சுவரை ஒட்டித்தான் போகும். அரிசி மூட்டையும் கோழிக் கூடையும் படுக்கும் அறையில் வேண்டாம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் எல்லாக் கணக்கும் மாறிவிடும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையும் சாத்தனூர் அணைத் தண்ணீரும் சேர்ந்து தென்பெண்ணை கரை மீறிய போது பார்த்தோம், வளையில் தண்ணீர் ஏறினால் பாம்பு மேடு தேடும், நம் வீட்டுத் திண்ணைதான் மேடு. தண்ணீர் வடிந்து வீடு திரும்புகிறவர்கள் முதலில் கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே நில்லுங்கள். பிறகு பூட்ஸோடு, விளக்கோடு ஒருவர் மட்டும் உள்ளே போய் நனைந்த துணிக் குவியல், அலமாரி அடி, அடுப்பு மேடை, குளிர்சாதனப் பெட்டியின் பின்புறம் ஆகியவற்றைக் கம்பால் புரட்டிப் பார்க்கட்டும். பாம்பு கண்ணில் பட்டால் அதன் உடல் நீளத்துக்கு இரண்டு மடங்கு தள்ளி நின்று, பார்வையை எடுக்காமல், வாசலை அதற்கு விட்டுவிடுங்கள். வெளியேறவில்லை என்றால் அந்த அறைக் கதவைச் சாத்தி, அடியில் உள்ள இடுக்கை ஈரத் துணியால் அடைத்துவிட்டு, தீயணைப்பு நிலையத்தையோ வனத்துறையையோ அழையுங்கள். அவர்கள் வரும்வரை ஒருவர் கதவருகே தள்ளி உட்கார்ந்திருக்கட்டும், ஜன்னல் வழியாக வெளியேறிவிட்டதா என்று இன்னொருவர் வெளியிலிருந்து பார்த்துக்கொள்ளட்டும்.